இலக்கு வைத்து அதில் நிற்பது எப்படி: நேர்மறை உளவியல் வழியில் ஒரு முழு வழிகாட்டி

வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்குப் படிப்பவர்கள், சர்க்கரை வந்த பிறகு நடக்கத் தொடங்கியவர்கள், நகைக்கடனை அடைக்கக் கணக்கு எழுதுபவர்கள் எனப் பலரோடு உட்கார்ந்து இந்தப் படிகளைச் செய்து பார்த்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாளே கால அட்டவணை போட்டுவிடுகிறார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான்கு கலர் பேனாவில் எழுதி, சுவரிலும் ஒட்டிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் அட்டவணை ஆறாவது படியில்தான் வருகிறது. முதல் ஐந்தைச் செய்யாமல் அங்கே தாவினால் அது பத்து நாள் தாங்கினாலே பெரிது.

நேர்மறை உளவியல் என்றதும் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்வது ஞாபகத்துக்கு வந்தால், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மனிதர்கள் நன்றாக வாழ எது உதவுகிறது என்று ஆராயும் உளவியல் பிரிவு அது. இங்கே வருபவை ஆய்வுகளில் சோதித்துப் பார்த்த சில பயிற்சிகள். அவற்றில் முக்கியமான ஒன்று, வெறுமனே இனிய கனவு கண்டுகொண்டிருந்தால் வேலை கெடும் என்றே சொல்கிறது.

புரிவதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் பெண். காலை 9.30 முதல் இரவு 8 வரை வேலை. நான்கு வயதுக் குழந்தை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுத நினைக்கிறார். ஒவ்வொரு படியிலும் அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்ப்போம். உங்கள் இலக்கு வேறாக இருந்தாலும் படிகள் மாறாது.

தொடங்கும் முன் வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். செயலி வேண்டாம். எழுதலாம் என்று போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் போய் நிற்போம், அவ்வளவுதான் காரணம். யாரும் குறுக்கே வராத ஒரு மணி நேரம், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை. உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று பேர், அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும்.

இலக்கு ஒன்றே ஒன்று. எடை குறைப்பு, இங்கிலீஷ், தேர்வு மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தால் முதலில் இரண்டை ஓரம் கட்டுங்கள். ஏன் என்பது ஆறாம் படியில் வரும்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, பசியில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறது என்றால் இலக்கு வைக்கும் நேரம் இதுவல்ல. முதலில் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். மனச்சோர்வில் இருப்பவர் இந்தப் பயிற்சிகளைத் தனியாகச் செய்ய முயன்று, முடியாமல் போய், ‘இதுகூட என்னால் முடியவில்லை’ என்று இன்னும் கீழே இறங்குவதுண்டு.

1. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வையுங்கள்

காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணிக்கு ஒரு வரி. அதோடு அந்த நேரத்தில் தெம்பு எப்படி இருந்தது என்று ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண். வாரம் முழுக்க இவ்வளவுதான் வேலை.

நம் நேரத்தை நாமே கணிப்பதில் நாம் மோசம் என்பதுதான் இந்தப் படிக்குக் காரணம். 1994இல் புயூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றதற்கு ஏறத்தாழ 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55க்கும் மேல். ஆக, ‘பயந்து’ போட்ட கணக்கும் பற்றவில்லை.

நம் கணக்குப் பெண்ணின் வாரம் இப்படி வந்தது. பஸ்ஸில் போக 35 நிமிடம், வர 35 நிமிடம். காலையில் உட்கார இடம் உண்டு, இரவில் கிடையாது. மதியம் இரண்டரை மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறைவு. இரவு 10 முதல் 11 வரை போன். செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தை என்பதால் அன்று மூச்சுவிட நேரமில்லை, தெம்பு ‘1’. இந்தச் செவ்வாய் விஷயம் குறிக்காமல் இருந்திருந்தால் அட்டவணையில் வந்திருக்காது. ஒவ்வொரு வாரமும் அன்றைக்குத்தான் திட்டம் உடைந்திருக்கும்.

பலர் செய்யும் தவறு, குறிக்கிற வாரத்தில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது. யாருக்கும் காட்டப்போவதில்லை. ரீல்ஸ் பார்த்தால் ரீல்ஸ் என்றே எழுதுங்கள்.

2. ‘ஏன் இது?’ என்பதற்கு மதிப்பெண் போடுங்கள்

கென்னன் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999இல் முன்வைத்த கருத்து இது: மனசுக்கு ஒட்டிய இலக்குக்காக மனிதர்கள் நீண்ட நாள் உழைக்கிறார்கள், அது நிறைவேறும்போது கிடைக்கும் நிறைவும் அதிகம். ஒட்டுகிறதா என்று பார்க்க நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்.

அ. யாரோ எதிர்பார்ப்பதால் அல்லது சூழ்நிலை தள்ளுவதால் செய்கிறேன்.
ஆ. செய்யாவிட்டால் வெட்கமாகவோ குற்றவுணர்வாகவோ இருக்கும் என்பதால் செய்கிறேன்.
இ. எனக்கு இது முக்கியம் என்று நானே நம்புவதால் செய்கிறேன்.
ஈ. செய்வதே பிடித்திருப்பதால் செய்கிறேன்.

இ, ஈ இரண்டையும் கூட்டி, அதிலிருந்து அ, ஆ இரண்டையும் கழியுங்கள். கழித்தல் குறியில் வந்தால் அந்த இலக்கு இன்னும் உங்களுடையதாக ஆகவில்லை.

கணக்குப் பெண்ணுக்கு அ 8, ஆ 6, இ 7, ஈ 4. மொத்தம் கழித்தல் 3. ‘சம்பந்தி வீட்டுப் பையனுக்குக் கவர்மென்ட் வேலை கிடைத்துவிட்டது’ என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தேர்வை விட்டுவிடுவதா? அவசரம் வேண்டாம். ‘இந்த வேலை கிடைத்தால் என் நாளில் என்ன மாறும்?’ என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னால், சம்பளத்தைவிட முன்னால் வேறொன்று வருகிறது: சாயங்காலமே குழந்தையோடு வீட்டில் இருப்பேன். இப்போது திரும்ப மதிப்பெண் போட்டால் இ 9 ஆகிறது. தமிழ்ப் பாடம் படிக்கப் பிடிக்கும் என்று ஞாபகம் வந்து ஈ 6 ஆகிறது. அ, ஆ மாறாவிட்டாலும் கணக்கு கூட்டலுக்கு வந்துவிடுகிறது.

இங்கே என் கருத்து ஒன்று. ‘குடும்பத்துக்காக’ என்று யாராவது எழுதினால் உடனே அதை அ பிரிவில் தள்ளிவிடாதீர்கள். அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது அவர் தானே ஏற்றுக்கொண்ட மதிப்பாக இருக்கலாம். அதற்கு இ-யில்தான் இடம். கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு: அம்மா ‘வேண்டாம்ப்பா’ என்று சொன்னாலும் கட்டுவீர்களா?

எவ்வளவு மாற்றி எழுதியும் கழித்தலிலேயே நிற்கிற இலக்கை இந்தப் படியிலேயே விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து விடுவதைவிட இது மலிவு.

3. இலக்கை மூன்று வரியாகப் பிரியுங்கள்

முதல் வரி: நீங்கள் விரும்பும் முடிவு. இரண்டாம் வரி: அதற்காக உங்கள் கையில் இருக்கும் வேலை. மூன்றாம் வரி: அடுத்த இரண்டு வாரத்தில் முடிக்கப்போகும் துண்டு.

மூன்றாகப் பிரிப்பது ஏனென்றால், முடிவு நம் கையில் இல்லை. குரூப் 4இல் எத்தனை காலியிடம், கட் ஆஃப் எவ்வளவு என்பதை யாரும் தீர்மானித்துக்கொண்டு உட்கார முடியாது. இரண்டாம் வரி முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. தினசரி உங்களை அளந்துகொள்ள வேண்டியது அதை வைத்துத்தான்.

‘முடிந்தவரை படிப்பேன்’ என்று எழுதாதீர்கள். எட்வின் லாக், கேரி லேத்தம் இருவரும் 2002இல் தங்கள் 35 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது திரும்பத் திரும்பக் கண்டது, ‘முடிந்ததைச் செய்’ என்பதைவிடக் குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்குக்கே நல்ல பலன் என்பதுதான். முடிந்தது எவ்வளவு என்பதை நம் மனசு அன்றன்றைக்கு வளைத்துக்கொள்ளும்.

நம் கணக்குப் பெண் எழுதியது:
முடிவு: அடுத்த குரூப் 4 தேர்வில் தகுதி பெறுவது.
என் வேலை: 6 முதல் 10ஆம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்களை ஐந்து மாதத்தில் வரிக்கு வரி முடிப்பது, ஒவ்வொரு இயலுக்கும் பழைய வினாத்தாள் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பது.
இரண்டு வாரம்: ஆறாம் வகுப்பு, முதல் மூன்று இயல்.

தமிழில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். அந்தப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அவருக்குப் பிடித்ததும் அதுதான். முக்கியமும் பிடித்ததும் ஒன்றாக அமைகிற இடம் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள்.

‘இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர், மற்ற 97 சதவீதம் பேர் சேர்ந்து சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார்கள், யேல் பல்கலைக்கழக ஆய்வு’ என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. எழுதுவது நல்லதுதான், ஆனால் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வைக்கிறது அந்தக் கதை.

4. உங்கள் பலம் எது என்று பிறரைக் கேளுங்கள்

கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் மனித குணநலன்களை 24 பலங்களாகத் தொகுத்தார்கள்: ஆர்வம், விடாமுயற்சி, கனிவு, நகைச்சுவை, முன்யோசனை இப்படி. அடுத்த ஆண்டு வெளியான சோதனையில், தங்கள் முதன்மையான பலம் ஒன்றை ஒரு வாரம் நாள்தோறும் புதிய விதத்தில் பயன்படுத்தியவர்களுக்கு ஆறு மாதம் வரை மகிழ்ச்சி கூடியும் சோர்வு குறைந்தும் இருந்தது. ‘புதிய விதத்தில்’ என்பதை விட்டுவிடாதீர்கள். பலத்தைத் தெரிந்துகொண்டதோடு நிறுத்தினால் அது நம்மைப் பற்றி நாமே வாசிக்கும் வாழ்த்துமடல்.

இணையத்தில் கேள்வித்தாள் இருக்கிறது. அதைவிட நம் ஆட்களிடம் நன்றாக வேலை செய்வது நேரில் கேட்பது. மூன்று பேரிடமும் ஒரே கேள்வி: ‘நான் நன்றாகச் செய்து நீ பார்த்த ஒரு வேலையைச் சொல்லு. அதில் நான் எப்படி நடந்துகொண்டேன்?’ ‘என்னிடம் என்ன பலம்?’ என்று கேட்டால் ‘நீ ரொம்ப நல்லவ’ என்ற பதில்தான் வரும். சம்பவத்தைக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

கணக்குப் பெண்ணைப் பற்றிக் கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா சொன்னது: ‘கல்லாவில் பத்து ரூபாய் இடித்தால் நீ வீட்டுக்குப் போக மாட்ட. எந்த பில்லில் விட்டது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்ப.’ தங்கை சொன்னது: ‘என் பெண்ணுக்குக் கோபப்படாமல் சொல்லிக்கொடுப்பது நீ ஒருத்திதான்.’

இதைப் படிப்பில் எங்கே வைப்பது? தவறாகப் போட்ட கேள்விகளுக்கு அவர் ஒரு பேரேடு வைத்தார். தேதி, கேள்வி, நான் போட்ட விடை, சரியான விடை, எந்தப் பக்கத்தில் விட்டேன். வாரக் கடைசியில் கணக்கு முடிப்பதுபோல அதை முடிப்பார். ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். அது அவருக்கும் திருப்புதல் ஆயிற்று. வேறொருவர் இதே பேரேட்டைப் பார்த்துக் காப்பியடித்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

பலத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். திறனறிவுப் பகுதியில் 25 கேள்வி இருக்கிறது என்று தெரிந்தும், தமிழ் இனிக்கிறது என்று நாலாவது முறையாகத் திருப்புவார்கள். பலவீனமான பகுதிக்குப் போகும் வாகனமாகப் பலத்தைப் பயன்படுத்துங்கள். பேரேடு கணக்குப் பாடத்துக்கும் போடலாமே.

5. கனவை எழுதுங்கள், உடனே தடையை எழுதுங்கள்

இந்தப் படிதான் மையம். நிதானமாக, முழு ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள்.

கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் தாமஸ் வாடனோடு சேர்ந்து, எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை ஆராய்ந்தார். ‘என்னால் முடியும்’ என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். ஆனால் மெலிந்த பிறகு எப்படி இருப்போம் என்று இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். 2002இல் டோரிஸ் மேயரோடு வெளியிட்ட ஆய்வில் வேலை தேடும் பட்டதாரிகள்: நல்ல வேலை கிடைத்ததாக அடிக்கடி கனவு கண்டவர்கள் குறைவாக விண்ணப்பித்தார்கள், இரண்டு ஆண்டு கழித்துச் சம்பளமும் குறைவாகவே வாங்கினார்கள். கனவிலேயே அடைந்துவிட்டதுபோல உடம்பு தளர்ந்துவிடுகிறது.

அவர் கண்ட மாற்று வழி எளிது. நான்கு வரி, இதே வரிசையில்.

ஆசை: எனக்கு என்ன வேண்டும்?
பயன்: அது நடந்தால் மிக நல்லதாக என்ன இருக்கும்? கண்ணை மூடி ஓரிரு நிமிடம் பாருங்கள்.
தடை: எனக்குள் எது குறுக்கே நிற்கிறது? அதையும் கண்ணை மூடிப் பாருங்கள்.
திட்டம்: அந்தத் தடை வரும்போது என்ன செய்வேன்?

வரிசையை மாற்றி, தடையை முதலில் எழுதிவிட்டுக் கனவுக்குப் போனால் பலன் வருவதில்லை. கனவு முன்னால் நின்றால்தான், குறுக்கே நிற்பது எது என்று மனசு பார்க்கும்.

தடை வரியில்தான் எல்லோரும் தப்பிக்கப் பார்ப்பார்கள். கணக்குப் பெண்ணின் பக்கத்தில் மூன்று அடித்தல்கள் இருக்கின்றன.

முதலில் ‘நேரமில்லை’. முதல் படியின் பதிவில் இரவு 10 முதல் 11 வரை போன் என்று அவரே எழுதியிருக்கிறார், எனவே அடித்தார். அடுத்து ‘களைப்பாக இருக்கும்’. போன் பார்க்கும்போதும் களைப்பு இருக்கிறதே? அடித்தார். ‘போன் பழக்கம்’. கிட்டத்தில் வந்துவிட்டார், ஆனால் இது பெயர் மட்டும்தான். ‘அந்த நேரத்தில் போனைக் கீழே வைக்க எது விடவில்லை?’ என்று கேட்டதும் எழுதியது இது: ‘காலையிலிருந்து கடைக்கும் வீட்டுக்கும் ஓடிய பிறகு எனக்கென்று கிடைக்கிற ஒரே நேரம் அது. அதையும் கொடுத்துவிட மனசில்லை.’

இதுதான் தடை. இதற்குத் திட்டம் போட முடியும். ‘நேரமில்லை’ என்பதற்கு யாராலும் திட்டம் போட முடியாது.

உங்கள் வரி சரியானதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: எழுதியதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மாமியார், மேனேஜர், கரண்ட் கட் என்று வெளியில் இருப்பவர்கள் பட்டியலாக வந்தால், ‘அப்போது நான் என்ன செய்கிறேன்?’ என்று இன்னொரு முறை கேளுங்கள். வெளித்தடைகள் பொய் என்று சொல்லவில்லை. அவற்றுக்கு ஏழாம் படி இருக்கிறது.

சிலருக்கு இந்த நான்கு வரியை எழுதி முடிக்கும்போதே ‘இது என்னால் ஆகாது’ என்று தெளிவாகிவிடும். முறை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். வெற்றி வாய்ப்பு குறைவான இலக்கிலிருந்து ஆளை விலக வைப்பதும் இந்தப் பயிற்சியின் வேலைதான்.

6. ‘என்றால்’ வரி எழுதுங்கள்

பீட்டர் கோல்விட்சர் ஜெர்மனியில் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று அடுத்த இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பாதிப் பேரிடம் மட்டும் எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார். குறித்தவர்களில் அனுப்பியவர்கள், குறிக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இதுபோன்ற 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் நன்றாகவே தெரிந்தது.

வடிவம்: ‘இன்னது நடந்தால், இன்னது செய்வேன்.’ சூழ்நிலையே நினைவூட்டிவிடுவதால் அந்த நேரத்தில் மன உறுதியைத் தேட வேண்டியதில்லை.

கணக்குப் பெண்ணின் வரி: ‘குழந்தை தூங்கியதும், போனைச் சமையலறை ஷெல்ஃபில் சார்ஜில் போட்டுவிட்டு, ஹாலில் உட்கார்ந்து ஒரு பாடம் படிப்பேன். 25 நிமிடம் ஆனதும் போன் என்னுடையது.’ கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஐந்தாம் படியில் கண்ட தடைக்கு அதுதான் பதில். ‘எனக்கென்று ஒரு நேரம்’ பறிபோகவில்லை, கொஞ்சம் தள்ளிப்போகிறது. அந்தப் படியைத் தாண்டிவிட்டு வந்தவர் ‘இரவு 10 முதல் 12 வரை படிப்பு’ என்று எழுதியிருப்பார்.

இங்கே நடக்கும் பிழைகள்:

‘மாட்டேன்’ என்று எழுதுவது. ‘படுத்தால் போன் பார்க்க மாட்டேன்’ என்ற வரி போனையே ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும். மேரிக்கே ஆட்ரியான்சே குழுவினர் 2011இல் சோதித்தபோது, இப்படி எதிர்மறையாகப் போட்ட திட்டங்கள் பழைய பழக்கத்தைக் கிளறிவிட்டன. அந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள்.

‘நேரம் கிடைத்தால்’ என்று தொடங்குவது. அது கண்ணுக்குத் தெரிகிற நிகழ்ச்சி இல்லை. குழந்தை தூங்குவது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, டீ வருவது போன்றவை தெரியும். மணி அடிப்பதைவிட நிகழ்ச்சி நல்லது. நம் வீடுகளில் மணிப்படி எதுவும் நடப்பதில்லை.

ஒரே நாளில் எட்டு வரி எழுதுவது. ஏமி டால்டனும் ஸ்டீபன் ஸ்பில்லரும் 2012இல் காட்டியது இது: ஒரு இலக்குக்குத் திட்டம் போட்டால் உதவுகிறது; பல இலக்குகளுக்கு ஒரே சமயத்தில் போட்டால் அந்த உதவி கிடைப்பதில்லை. வேலை எவ்வளவு என்று கண் முன்னே நின்று மலைக்க வைக்கிறது. எனவே முதல் இரண்டு வாரம் ஒரே வரி. அப்புறம் இன்னொன்று. கணக்குப் பெண்ணின் இரண்டாவது வரி: ‘காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், நேற்றைய பேரேட்டைப் பார்ப்பேன்.’

செவ்வாய்க்குத் தனி வரி: ‘செவ்வாய் இரவு, ஐந்து கேள்வி மட்டும்.’ சும்மா விட்டிருக்கலாம். ஐந்து கேள்வி இருந்தால் புதன்கிழமை புதிதாகத் தொடங்குவதுபோல இருக்காது.

7. இரண்டாவது பாதையை இப்போதே போடுங்கள்

சி. ஆர். ஸ்னைடர் நம்பிக்கையை ஆராய்ந்தவர். அவர் கணக்கில் நம்பிக்கைக்கு இரண்டு பாகம்: நடப்பேன் என்ற உந்துதல், போக வழி தெரிவது. உந்துதல் மட்டும் இருந்து வழி ஒன்றே ஒன்று என்றால், அந்த வழி அடைபட்டதும் உந்துதலும் வற்றிவிடும்.

வெளித்தடைகளைக் காலண்டரில் குறியுங்கள். ஜவுளிக்கடை என்றால் ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய மாதம். அந்த வாரங்களுக்குச் சிறிய திட்டம் ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: புதுப் பாடம் கிடையாது, திருப்புதல் மட்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வராமல் இருக்காது. நடந்துபோக நினைப்பவர் என்றால் மழைக்காலத்துக்கு ஒரு பாதை.

8. தினமும் இரண்டு நிமிடம் பதிவு

பெஞ்சமின் ஹார்கின் குழுவினர் 2016இல் 138 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். முன்னேற்றத்தை அடிக்கடி பார்த்துக்கொள்பவர்கள் இலக்கை அடையும் வாய்ப்பு கூடுகிறது. பார்த்ததை எழுதி வைத்தாலோ ஒருவரிடம் சொன்னாலோ இன்னும் கூடுகிறது.

படுக்கும் முன் இரண்டு வரி. முதல் வரி: இன்று என்ன நகர்ந்தது, எவ்வளவு சின்னதானாலும். இரண்டாவது: அது ஏன் முடிந்தது. அன்று நடந்த மூன்று நல்லவற்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதும் ‘மூன்று நல்ல விஷயங்கள்’ என்ற பயிற்சியின் சுருக்கம் இது. அதிலும் ‘ஏன்’ என்ற பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘மூணு பக்கம் முடித்தேன். ஏன்? சாயங்காலமே மாவு எடுத்து வைத்துவிட்டதால் இரவு வேலை குறைந்தது.’ இப்படி எழுதினால் நாளைக்குத் திரும்பச் செய்ய ஏதோ ஒன்று கையில் கிடைக்கும். ‘கடவுள் புண்ணியம்’ என்று எழுதினால் கிடைக்காது.

யாரிடம் சொல்வது? ஒருவரிடம், வாரம் ஒருமுறை, செய்து முடித்த வேலையை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘என் பயணம் தொடங்கியது’ என்று போட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பாராட்டு முன்பணமாகவே வந்துவிடுகிறது.

எதிர்மறை எண்ணம் ஒன்றுக்கு நேர்மறை மூன்று வேண்டும் என்று ஒரு விகிதம் சொல்வார்கள். அதன் கணிதம் தவறு என்று 2013இலேயே நிறுவப்பட்டுவிட்டது. பதிவில் எரிச்சல் வந்தால் எரிச்சலையே எழுதுங்கள். எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

9. விட்டுப்போன மறுநாள்

விட்டுப்போகும். இந்தப் படியை முன்னாலேயே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பி வருபவர்கள் 22ஆம் நாள் உடைந்துபோகிறார்கள். பிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலைக்கு நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது கடைசிப் பலனைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஒரு நாள் விட்டதற்குப் பிறகு நாம் நம்மிடம் பேசுகிற பேச்சுதான் ஆளைக் கவிழ்க்கிறது. ‘அதான் போச்சே, இனி திங்கட்கிழமையிலிருந்து பார்ப்போம்.’ ஜூலியானா பிரைன்ஸ், செரினா சென் 2012இல் செய்த சோதனை ஒன்றில், தேர்வில் சறுக்கிய பிறகு தன்மீது கனிவோடு எழுதச் சொல்லப்பட்டவர்கள், தன்னம்பிக்கையை ஏற்றி எழுதியவர்களைவிட அதிக நேரம் மறுபடி படித்தார்கள். திட்டிக்கொண்டால்தான் உறைக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அது ஓரிரு நாளைக்கு உறைக்கும், பிறகு நோட்டைத் திறக்கவே பயம் வரும்.

மூன்று வரி எழுதுங்கள். என்ன நடந்தது, வசை இல்லாமல். என் இடத்தில் என் தங்கை இருந்தால் என்ன சொல்வேன். இன்றைக்கு மிகச் சிறிய துண்டு எது. விட்டதைச் சேர்த்து இன்றைக்கு இரட்டிப்பாகப் படிக்கப் போகாதீர்கள். அதனால் மூன்றாவது நாளும் போகும்.

ஒரே காரணத்துக்காக இரண்டாவது முறை விட்டால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள். அங்கே எழுதிய தடை உண்மையான தடை இல்லை என்று பொருள்.

10. மாதக் கடைசியில்: தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா

நோட்டில் நான்கு வாரப் பதிவையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டாம் படியின் நான்கு மதிப்பெண்ணைப் பழையதைப் பார்க்காமல் திரும்பப் போடுங்கள். இ, ஈ ஏறியிருந்தால் தொடருங்கள். இறங்கியிருந்து, வேலை நடந்துகொண்டிருந்தால் வழியை மாற்றுங்கள்: வேறு பலம், வேறு நேரம், சிறிய துண்டு. அதிலும் இறங்கினால் விடுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

விடுவது பற்றி நம் ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை. கார்ஸ்டன் ரோஷ் உள்ளிட்டோர் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில், எட்டாத இலக்கை விட முடிந்தவர்களும், விட்ட இடத்தில் வேறொன்றைப் பிடித்தவர்களும் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். இரண்டாவது பாதி முக்கியம். வெறுமனே விட்டால் வெற்றிடம்தான் மிஞ்சும்.

போட்டித் தேர்வுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். ‘இன்னும் ஒரு அட்டெம்ப்ட்’ என்று வயது வரம்பு வரை போனவர்கள் ஸ்டடி ஹாலுக்கு ஒருவராவது இருப்பார்கள். எனவே தேர்வு எழுதும் முன்பே, மனசு நிதானமாக இருக்கும்போது, எல்லையை எழுதி வையுங்கள். கணக்குப் பெண் எழுதியது: ‘இரண்டு முறை எழுதுவேன். இரண்டாவது முறையும் தகுதிக்குக் கீழே என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு விடுகிற ஆபீஸ் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலை தேடுவேன். டேலி கோர்ஸுக்கு இந்த வருடமே விசாரித்து வைக்கிறேன்.’ அவருக்கு வேண்டியது சாயங்காலமே குழந்தையோடு வீட்டில் இருப்பது என்று இரண்டாம் படியிலேயே எழுதிவிட்டதால் இந்த வரி சுலபமாக வந்தது. அந்தப் பக்கம் காலியாக இருப்பவர்கள் இங்கே நிறைய நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முதலில் அங்கே திரும்பிப் போய் அந்த அரைப் பக்கத்தை எழுதிவிட்டு வரட்டும்.